யாரு வாங்குவா அந்த வடையை?

பாட்டி வடை சுட்ட கதையில் திருட்டு எந்த இடத்தில் நடக்கிறது என்று கேட்டால், காக்கா வடையைத் தூக்குகிற இடத்தில் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மதுரையில் எம்.ஏ. தமிழ் படித்து, நாட்டார் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதி, மறுவாசிப்பு, கட்டுடைப்பு என்று கூட்டம் கூட்டமாகப் பேசிவிட்டு வந்தவள் நான். முப்பது வயது தாண்டியும் அந்தக் கதையின் முதல் வரியைத் தாண்டித்தான் யோசிக்க ஆரம்பிப்பேன். முதல் வரியில் நிற்க வைத்தவன் நரிக்குடிப் பக்கத்துக் காலனி ஒன்றில் மூன்றாம் வகுப்புப் படிக்கிற பையன்.

அவன் கேட்டதையும் அதற்குப் பிறகு நடந்ததையும் அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமில்லை. எழுதினால் ஊர்க்காரர்களைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிறுத்த முடியாது என்று தெரியும்.

நரிக்குடியைத் தெரியாதவர்களுக்காக: மானாமதுரையிலிருந்து விருதுநகர் போகிற ரயிலில் வந்தால் திருச்சுழிக்கு முந்தின ஸ்டேஷன். திருச்சுழியை ரமணர் பிறந்த ஊர் என்று வெளியூரில் சொல்வார்கள். எங்களுக்கு அது தாலுகா ஆபீஸ் இருக்கிற ஊர். கண்மாய் பெருகினால் ஒரு போகம். பெருகாத வருசம் மிளகாயும் பருத்தியும் தெய்வம் விட்ட வழி. மிச்சமெல்லாம் சீமைக்கருவேல முள்ளு. அந்த முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பாதித் தெரு கஞ்சி குடிக்கிறது.

2023 மே மாதம் ஏழு பேர் சேர்ந்து அந்தக் கதையை நாடகமாக்கினோம். குழுவுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. பெயர் வைத்தால் தலைவர் வேண்டும், தலைவர் வந்தால் பிளவு வரும் என்று பறை அடிக்கிற அண்ணன் சொன்னார். அவர் அனுபவஸ்தர். மே மாதத்தை எடுத்ததற்குப் பள்ளி விடுமுறை மட்டும் காரணமில்லை. செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன் குருபூசை. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் தடை உத்தரவு போடுகிற அந்த நாட்களில் எங்கள் பக்கமும் நாலு பேர் சேர்ந்து தப்பு அடித்தால் போலீஸ் வந்து என்ன விசேசம் என்று கேட்கும். காக்கா வடை திருடின கதை சார் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

எங்களுக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. இளையான்குடிப் பக்கத்து மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன் எங்கள் வட்டாரத்து ஆள். 1990களில் 'பலியாடுகள்' வழியாகத் தலித் அரங்கு என்ற ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். 2016 ஜனவரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய 'வடு'வைப் படித்தபோது அதில் வருகிற கண்மாய்க்கரையெல்லாம் நான் நடந்த கரையாக இருந்தது. பிள்ளைகளுக்கான நாடகம் என்று பார்த்தால் புதுச்சேரி வேலு சரவணன். அரபுக் கதையில் வருகிற மீனவனையும் ஜாடியில் அடைபட்ட பூதத்தையும் எடுத்து அவர் போட்ட 'கடல்பூதம்' ஊர் ஊராகப் போன நாடகம். 2017இல் அவருக்குப் பால சாகித்திய புரஸ்கார் கொடுத்தார்கள். பிள்ளைகளோடு பேசிப் பேசியே நகர்கிற நாடகம் அது. அந்த மாதிரி ஒன்றை எங்கள் பிள்ளைகளுக்கு, எங்கள் அரசியலோடு செய்தால் என்ன என்பதுதான் ஆசை.

அரசியல் என்று சொன்னேன். அது என்னவென்றால் காக்காதான் நாம். கறுப்பு, எல்லாரும் விரட்டுகிற உயிர், செத்தவர்களுக்கு வைத்த சோற்றுக்கு மட்டும் கூப்பிடுகிற உயிர். அது பசிக்கு எடுத்தால் திருட்டு. நரி யார் என்றால் மேடை போட்டு நம்மைப் புகழ்ந்து வாயிலிருப்பதைக் கீழே விழவைக்கிற கட்சிக்காரன். ஐந்து காக்கா. கிழிந்த குடைத்துணிதான் இறக்கை. காக்கா கரையாது, பறைதான் அடிக்கும். நரிக்குச் சாக்கிலும் பனையோலையிலும் முகம் செய்தோம். அது மட்டும் சுத்தச் செந்தமிழில் பேசும். கடைசியில் காக்கா வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடும், நரி ஏமாறும். பிறகு காக்கா கூட்டம் கூடிப் பங்கு போட்டுத் தின்னும். மேடை கிடையாது, திரை கிடையாது, வட்டமாக உட்கார்ந்தால் நடுவில் ஆட்டம். முடிவில் பிள்ளைகளைப் பார்த்து "யாரு திருடன்?" என்று கேட்போம். "யாருமில்லை, பசி திருட்டாகாது" என்று பிள்ளைகள் சொல்லும். அப்படித்தான் எழுதி வைத்திருந்தோம். பிள்ளைகள் சொல்ல வேண்டிய வசனத்தையும் நாங்களே எழுதி வைத்திருந்தோம் என்பதை இப்போது சொல்லும்போது கூச்சமாக இருக்கிறது.

பாட்டி வேசம் எனக்கு. என் அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையையும் அவளுடைய அரிகரண்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதுக்கு என்று அவள் கேட்கவில்லை. கரண்டியை மட்டும் வளைக்காமல் கொண்டுவா என்றாள்.

முதல் ஆட்டம் எங்கள் காலனியில், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில். கூத்து என்று கேள்விப்பட்டுப் பெரியவர்கள் பாயோடு வந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் நாடகம் என்றால் வள்ளி திருமணம்தான். விடிய விடிய நடக்கும், பபூன் வருவான், ஆர்மோனியம் இருக்கும். இங்கே நாற்பது நிமிசத்தில் எல்லாம் முடிகிறது, பாட்டும் இல்லை. ஒரு தாத்தா எழுந்து, "ஏத்தா, வேசம் கட்டி முடிச்சாச்சா, இன்னம் கட்டலையா?" என்று ஆட்டத்தின் நடுவே கேட்டார். குடைத்துணியைப் பார்த்துவிட்டு ஒரு கிழவி, "மழைக்கு ஒதுங்குன ஆளுக மாதிரில்ல நிக்கிறாக" என்றாள். அது எங்கள் குறியீட்டுக்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

பிள்ளைகள் வேறு மாதிரி. முதல் சிக்கல் 'பாட்டி'யில் வந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் பாட்டி கிடையாது. அப்பத்தா உண்டு, அம்மாச்சி உண்டு. பாட்டி என்பவள் பாடப்புத்தகத்தில் இருக்கிறவள், கண்ணாடி போட்டிருப்பாள். "அது யாரு பாட்டி, டீச்சரோட அம்மாவா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அங்கேயே அப்பத்தா என்று மாற்றிக்கொண்டேன். அடுத்தது நரி. நரி உள்ளே வந்ததும் ஒரே விசில். "நம்ம ஊரு நரிடா!" நரிக்குடிக்காரர்களுக்கு நரிமேல் பாசம் இருக்காதா? கட்சிக்காரனை அம்பலப்படுத்த நாங்கள் செய்த நரி அன்றைக்குக் கதாநாயகனாகிவிட்டது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை என்று பிறகு தெரிந்தது. ஈசாப்பின் காக்காவும் நரியும் கதையை லா ஃபொன்தேன் 1668இல் பிரெஞ்சில் பாட்டாக்கினார். அங்கே வடைக்குப் பதில் பாலாடைக்கட்டி. 1762இல் ரூசோ 'எமீல்' நூலில் அந்தப் பாட்டை வரி வரியாகப் பிரித்துப் போட்டுவிட்டு, இதைக் கேட்கிற குழந்தைகள் காக்காவைப் பார்த்துச் சிரிக்கும், நரியைத்தான் விரும்பும் என்றார். ஏமாறாதே என்று சொல்ல வந்த கதை ஏமாற்றக் கற்றுக்கொடுக்கிறது என்பது அவர் குறை. ரூசோவுக்குப் பிள்ளைகள் கதை கேட்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கிறது. ஆனால் பாலாடைக்கட்டி யாருடையது என்று அவரும் கேட்கவில்லை.

எங்கள் பையன் கேட்டான். "யாரு திருடன்?" என்று நாங்கள் கேட்டதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவன் கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி.

"அக்கா, அந்த அப்பத்தா நம்ம காலனியா, ஊரா?"

"நம்ம காலனிதான்டா."

"அப்ப வடையை யாரு வாங்குவா?"

எனக்குப் பதில் வரவில்லை. வட்டத்துக்கு வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்த ஒருத்தர் சொன்னார்: "காக்காதேன் வாங்கும். அது தூக்கிட்டுப் போகலைன்னா ஊசித்தேன் போகும்." தெருவே சிரித்தது. பாயோடு வந்த தாத்தா அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

நாடகம் அந்தச் சிரிப்பில் முடிந்துவிட்டது. பங்கு போட்டுத் தின்னும் கடைசிக் காட்சியை நாங்கள் ஆடினோம், யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் கதையைப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்தி மோர் விற்கப் போய்த் திரும்பின கதை. இன்னொருத்தர் அருப்புக்கோட்டையில் வேறு பெயர் சொல்லி வீடு எடுத்த கதை.

ராத்திரி உட்கார்ந்து யோசித்தோம். நூறு தடவை சொன்ன கதை. ஒரு கிழவி மரத்தடியில் அடுப்பு மூட்டி வடை சுடுகிறாள் என்று சொல்லும்போதே, போகிற வருகிறவர்கள் எல்லாரும் நின்று அவள் கையால் வாங்கித் தின்பார்கள் என்பதும் சேர்ந்தே சொல்லப்பட்டுவிடுகிறது. அந்த ஆட்கள் கதையில் வருவதேயில்லை, ஆனால் அவர்கள் இல்லாமல் வடைக்கு விலை இல்லை. காக்காவைத் திருடன் ஆக்குவதா, போராளி ஆக்குவதா என்று நாங்கள் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தபோது, அந்தக் கிழவிக்கு வியாபாரமே நடக்காது என்று மூன்றாம் வகுப்புக்குத் தெரிந்திருக்கிறது.

குழுவில் படிப்பாளியான தம்பி பிரெக்ட் கதையைச் சொன்னான். 1930இல் பெர்லினில் பிரெக்ட் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக 'ஆம் என்பவன்' என்று ஒரு இசை நாடகம் எழுதினார். மலைப்பயணத்தில் நோயில் விழுந்த பையன், பழைய வழக்கப்படி தன்னைக் கைவிடச் சம்மதித்துச் சாகிறான். நொய்க்கோல்ன் பகுதியின் கார்ல் மார்க்ஸ் பள்ளியில் அதைப் பிள்ளைகளிடம் காட்டினார்கள். ஏன் சம்மதிக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பிரெக்ட் அவர்கள் சொன்னதைக் கேட்டு நாடகத்தைத் திருத்தி, 'இல்லை என்பவன்' என்று இன்னொரு நாடகமும் எழுதினார். பிள்ளைகள் சொன்ன கருத்துகளையும் சேர்த்தே அச்சிட்டார். "பிரெக்டே மாத்தியிருக்காரு, நம்ம மாத்தினா என்ன?" என்றான் தம்பி. மாற்றலாம் என்று முடிவானது. எதை வைத்து மாற்றுவது என்று கேட்டபோது நான்தான் அப்பத்தாவைச் சொன்னேன்.

அப்பத்தா முப்பது வருசம் வடை விற்றவள். ஆனால் நரிக்குடியில் விற்றதில்லை. கடலைப்பருப்பு விலை ஏறினால் பட்டாணிப்பருப்பைக் கலப்பாள். ரேசன் பாமாயிலில் கொஞ்சம் கடலெண்ணெய் சேர்ப்பாள். விடிகாலையில் முள்ளுவிறகு மூட்டி, சுட்ட வடையைத் துணி போட்டு மூடி ஓலைக்கொட்டானில் வைத்து, ரயிலேறிப் போவாள். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். போகிற வழியில் ரயிலிலேயே நெற்றி நிறைய விபூதி பூசிக்கொள்வாள். அந்த ஊர்ச் சந்தையில் அவளை எல்லாரும் 'ஆச்சி' என்று கூப்பிடுவார்கள். எந்த ஊரு ஆச்சி என்று யாராவது கேட்டால் மகளைக் கட்டிக்கொடுத்த ஊரைச் சொல்லுவாள், அங்கேயும் தெருவைச் சொல்ல மாட்டாள். திரும்பி வரும்போது முந்தானையால் நெற்றியைத் துடைத்துவிடுவாள். சின்னப் பிள்ளையாக நான் அவளோடு போன ஒரு நாள், அங்கே என்னை வாய் திறக்கவே விடவில்லை. எங்கள் பேச்சில் ஏதாவது ஒரு சொல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். ஒரு வடையைக் கையில் கொடுத்து, தின்னுக்கிட்டே இரு என்றாள். வாயில் வடை இருந்தால் பேச முடியாது. காக்காவுக்கும் அதுதானே நிலைமை.

இதையெல்லாம் நாடகத்தில் போட்டேன். புதுப் பிரதியில் காக்காவும் நரியும் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். அப்பத்தா ரயிலேறுகிறாள், விபூதி பூசுகிறாள், ஆச்சியாகிறாள், திரும்பும்போது துடைக்கிறாள். இரண்டாவது ஆட்டமும் எங்கள் தெருவில்தான். என்னமாய்ச் சிரித்தார்கள்! விபூதி பூசுகிற இடத்தில் ஒரு பெண் கண்ணில் தண்ணி வருமளவுக்குச் சிரித்தாள். அவளும் பூசியிருப்பாள். பார்வையாளர் தன்னை மேடையில் பார்ப்பது என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அதைக் கண்ணால் பார்த்தேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பத்தா முன்வரிசையில் இருந்தாள். விபூதியைத் துடைக்கிற இடம் வரைக்கும் இருந்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனபோது இருட்டில் உட்கார்ந்திருந்தாள். "ஒளிச்சு வச்சதைப் பூராம் ஆடிக் காமிச்சிட்டியேத்தா" என்றாள். நான், "நம்ம தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அப்பத்தா" என்றேன். "தெரியும். நான் சொல்லித் தெரியலைல்ல" என்றாள்.

அதைவிட மோசம், யாரோ செல்போனில் பிடித்து வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். அது எங்கெங்கே போனது என்று யாருக்குத் தெரியும். அடுத்த சந்தைக்கு அவள் போனாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாகப் பத்து வடை வாங்குகிற பலகாரப் பிரியர் ஒருத்தர் அன்றைக்கு வரவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். கையில் செல்போன் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒவ்வொருத்தரையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மூன்று வாரத்தில் போவதை நிறுத்திவிட்டாள். முட்டு வலி என்று சொல்கிறாள். முட்டு வலி இருக்கிறதும் உண்மைதான். விடுதலைக் கலை, தன்வரலாறு, சாட்சியம் என்று இந்தப் பக்கங்களில் நாமெல்லாம் எழுதுகிறோம். யாருடைய சாட்சியத்தை யார் எடுத்து ஆடுவது என்பதற்கு என்னிடம் இப்போதும் பதில் இல்லை. அவளிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும். சேலை கேட்டேன், கரண்டி கேட்டேன், இதைக் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் ஒன்றில் கூப்பிட்டார்கள். அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். நல்ல மனிதரான ஆசிரியர் ஒருவர் ஒத்திகையைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக மனசுல எதுக்கும்மா சாதியைப் போடுறீங்க? காக்கா நரியோட நிறுத்திக்கலாமே" என்றார். கேள்வியைக் கேட்டதே ஒரு பிள்ளைதான் சார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? பழைய கதையையே ஆடிவிட்டு வந்தோம். கைதட்டல் பலமாக இருந்தது. தேனீர் கொடுத்தார்கள்.

கடைசியாகப் போனது ஒரு அருந்ததியர் தெரு. பதினைந்து வீடு இருக்கும். எங்கள் தெருவில் அந்தத் தெருவுக்கு வேறு பெயர் சொல்வார்கள், அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நாங்கள் பறையர்கள் என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன், அது தெரியாமல் மேலே படிப்பதில் அர்த்தமில்லை. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது எங்கள் தெருவில் பேசின பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. நம்ம பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்துட்டாங்க என்று பேசினார்கள். 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்ன அன்றும் அதே பேச்சை அதே திண்ணையில் கேட்டேன்.

அங்கே ஆடினது இரண்டாவது பிரதி. அப்பத்தாவின் ஊர் அடையாளங்களையெல்லாம் எடுத்துவிட்டு ஆடினோம், தாமதமான புத்தி. பிள்ளைகள் நரிக்கு விசில் அடித்தன. பெரியவர்கள் எல்லாரும் அமைதியாகப் பார்த்தார்கள். எங்கள் தெரு விழுந்து விழுந்து சிரித்த விபூதிக் காட்சியில் அங்கே ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. நான் மோசமாக ஆடுகிறேனோ என்று நினைத்தேன். முடிந்ததும், இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டே பார்த்த ஒரு அக்கா பேசினார். என் வயதுதான் இருக்கும், இரண்டு மூன்று கூட இருக்கலாம்.

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஒண்ணு கேக்கவா? உங்க அப்பத்தா வடையை ஊர்க்காரவுக வாங்க மாட்டாக. சரி. நான் சுட்டா நீங்க வாங்குவீகளா?"

"ஏன்க்கா வாங்க மாட்டோம்?" என்று எங்கள் பிரெக்ட் தம்பி முந்திக்கொண்டான்.

"இருங்க" என்று உள்ளே போனார். ஒரு எவர்சில்வர் தட்டில் உளுந்தவடை கொண்டுவந்தார். நாடகம் போட வருகிறோம் என்று கேள்விப்பட்டுச் சாயங்காலமே சுட்டு வைத்திருக்கிறார்.

நாங்கள் ஏழு பேர். மூன்று பேர் எடுத்துத் தின்றார்கள், தம்பி அதில் ஒருவன், இரண்டாவதும் எடுத்தான். ஒருத்தருக்கு வயிறு சரியில்லை. ஒருத்தருக்கு அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. பறை அடிக்கிற அண்ணன், அனுபவஸ்தர் என்று சொன்னேனே, ஒன்றை எடுத்துப் பக்கத்தில் நின்ற பிள்ளையின் கையில் வைத்து, "சாப்புடு கண்ணு" என்றார். நான் ஒரு கடி கடித்தேன். "நல்லாருக்குக்கா" என்றேன். மிச்சத்தைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தேன், அப்புறம் சாப்பிட்டுக்கிறேன் என்று. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வடையில் ஒரு குறையும் இல்லை. தோழர்களோடு உட்கார்ந்து மாட்டுக்கறி தின்று அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினவள் நான். உட்சாதி ஒழிப்பு என்று தீர்மானம் வாசித்திருக்கிறேன். ஆனாலும் அந்த இரண்டாவது கடிக்குக் கை போகவில்லை. "அந்தத் தெருவுல தண்ணி வாங்கிக் குடிக்காத" என்று ஆறு வயதில் அப்பத்தா சொன்னது எங்கேயோ உடம்புக்குள் இருக்கிறது. அதே அப்பத்தாதான் ரயிலில் விபூதி பூசிக்கொண்டு போனவள்.

அந்த வருசம் ஆகஸ்ட் 25இல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. செப்டம்பரில் பேப்பரில் செய்தி: கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் அருந்ததியர் பெண் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆட்சியரே போய் அங்கே சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. தூத்துக்குடி மாவட்டத்திலிருந்தும் அதே மாதிரிச் செய்தி. 2018 ஜூலையில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் நடந்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அங்கேயும் அருந்ததியர் சமையலம்மா. பள்ளியைப் பூட்டிப் போராடினார்கள். தடுத்தவர்களை விட்டுவிட்டு அந்த அம்மாவை இடம் மாற்றினார்கள். பிறகு எதிர்ப்பு வந்ததும் திரும்பப் போட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பையனின் கேள்வி மாவட்டம் மாவட்டமாகப் பேப்பரில் வந்துகொண்டிருந்தது. முன்பாக இருந்தால் அந்தச் செய்திகளைப் படித்துவிட்டுக் கண்டன அறிக்கை எழுத உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு எழுத உட்கார்ந்தபோது கரூர் ஆட்சியர் தட்டை முழுசாகக் காலி செய்திருப்பாரா, ஒரு கடியோடு நிறுத்தியிருப்பாரா என்றுதான் யோசனை போனது.

ஆட்டம் முடிந்த ராத்திரியைச் சொல்லாமல் விட்டேன். வீட்டில் பையைக் கவிழ்த்தபோது எண்ணெய் ஊறின தாள் விழுந்தது. அப்பத்தா எடுத்தாள். அப்போது நாங்கள் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளாத நேரம்.

"யாரு சுட்டது?"

சொன்னேன். அவள் தாளைப் பிரித்து வடையைப் புட்டு உள்ளே பார்த்தாள், மோந்து பார்த்தாள். முப்பது வருசத் தொழில்காரி பார்க்கிற பார்வை. "உளுந்தை நல்லா ஆட்டியிருக்கா. தண்ணி விடாம ஆட்டியிருக்கா" என்றாள். பிறகு, "இது யாரு கடிச்சது, நீயா?"

"ஆமா."

"ஒரு கடிதானா?" என்றாள். கேலியா கேள்வியா என்று தெரியவில்லை. தாளை மடித்து என் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். நான் தின்றேன், விளக்கை அணைத்துவிட்டு. அந்த அக்கா பார்க்காத இடத்தில் தின்று என்ன பிரயோசனம்.

பல மாதம் கழித்து அவரைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கவெல்லாம் இல்லை, அது இன்னொரு நாடகமாகிவிடும். வடை சுடுகிற வேசத்தை நீங்க கட்டுவீங்களா என்று கேட்கத்தான். அவர் யோசித்துவிட்டு நிபந்தனை சொன்னார். வேசமெல்லாம் கட்ட மாட்டாராம். நிசமாகவே அடுப்பு மூட்டி நிசமாகவே வடை சுடுவாராம். சும்மா கொடுக்க மாட்டார், ஒரு வடை ஏழு ரூபாய். ஆட்டம் பார்க்கிறவர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதை உங்க தெருவில் வைத்துப் போடுங்க, எங்க தெருவில் வேண்டாம் என்றார். காக்கா வேண்டுமா என்று கேட்டேன். "வடை மிஞ்சினா காக்கா வரட்டும்" என்றார்.

இப்போது ஒத்திகைக்கு நாலு பேர்தான் வருகிறோம். பறை அண்ணன் இன்னும் வரவில்லை, வருவேன் என்கிறார். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் அடுப்புப் போடலாம் என்று கேட்டோம், குழாயடி என்பதால் பெண்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார்கள். மாரியம்மன் கோயில் திண்ணை என்றால் பேச்சே இல்லை. நம்ம வீட்டு வாசலில் போடலாமா அப்பத்தா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எண்ணெய் யாரு வாங்குறது?" என்றாள். நாங்கதான் என்றேன். "பாமாயில் வேணாம், உளுந்தவடைக்குக் கடலெண்ணெய்தேன் நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வாசலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குத் திரும்பக் கேட்க வேண்டும்.